ஓட்டு வீட்டின் மேல் ஓர் அறை: முதலில் எடைக் கணக்கு, பிறகு பணக் கணக்கு

5 அடி 2 அங்குலம். 18 அடி ஆழமுள்ள கூடத்தின் மேல் 30 டிகிரி சாய்வில் ஓடு வேய்ந்தால், சுவர் மட்டத்திலிருந்து முகட்டுவளை அவ்வளவுதான் எழும்பும். திருச்சி உறையூரில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் அண்ணாந்து பார்த்து, "இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, பலகை அடித்து ஓர் அறை ஆக்கிவிட்டால் என்ன?" என்று கேட்பது நியாயமான கேள்வி. மனை வாங்க முடியாத விலையில் இருக்கிறது. பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. இருக்கும் வீட்டுக்குள்தான் இன்னோர் அறையைத் தேட வேண்டும். ஆனால் அதற்கான பதில் கூரையின் அழகில் இல்லை. சில எண்களில் இருக்கிறது. அந்த எண்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

கணக்குக்கு ஒரு மாதிரி வீட்டை எடுத்துக்கொள்வோம். தெருவோரம் திண்ணை, உள்ளே 16 அடி அகலம், 18 அடி ஆழம் கொண்ட கூடம், பின்னால் முற்றம், அடுக்களை. இருபுறமும் பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச்சுவர். சுவர் உயரம் 9 அடி, கனம் 13½ அங்குலம், அதாவது ஒன்றரைக் கல் சுவர். தரைக்கு மேல் 2 அடி பீடம். அஸ்திவாரம் 2 அடி அகலம், 3 அடி ஆழம், கருங்கல் கட்டு. கூடத்தின் பரப்பு 288 சதுர அடி. உங்கள் வீட்டின் அளவு வேறாக இருக்கும். அளவை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதேதான்.

முதல் கணக்கு தலை இடிக்குமா என்பது. சுவர் மட்டத்தில் பலகை போட்டால் முகட்டின் கீழே 5.2 அடி. 5 அடிக்கு மேல் உயரம் கிடைக்கும் இடம், நடுவில் 8 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை மட்டுமே. 4 அடிக்கு மேல் கிடைக்கும் இடம் 66 சதுர அடி. 3 அடிக்கு மேல் என்று தளர்த்தினாலும் 122 சதுர அடிதான். 288 சதுர அடிக்குப் பலகை வாங்கி, குனிந்து நடக்கக் கிடைப்பது 66.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) பரண் என்பதைப் பொருள் வைக்கும் இடமாக மட்டுமே ஏற்கிறது. அதன் உயரம் 1.5 மீட்டருக்குள், அதாவது 5 அடிக்குள். மனிதர் வசிக்கும் அறைக்கு உயரம் 2.75 மீட்டர் வேண்டும். சாய்வுக் கூரை என்றால் சராசரி உயரம் அவ்வளவு இருக்க வேண்டும், தாழ்வாரப் பக்கத்தில் குறைந்தது 2.4 மீட்டர். நம் மாதிரி வீட்டின் கூரைவெளி இதில் பாதியைக்கூட எட்டவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: சுவர் உயரம் 9 அடி என்பது 2.74 மீட்டர். அதற்கு உட்புறமாக 7½ அங்குலம் உத்திரமும் பலகையும் போய்விட்டால் கீழ்க்கூடத்தின் உயரம் 8.4 அடியாக இறங்கிவிடும். மேலே கிடைப்பது பரண், கீழே பறிபோவது அறை.

கூரைவெளியை அறையாக்கும் பழக்கம் பிரிட்டனில் பெருகியதற்குக் காரணம் அங்குள்ள கூரையின் சாய்வு. அங்கே தளத்திலிருந்து முகடு வரை குறைந்தது 2.2 மீட்டராவது இருந்தால்தான் பேச்சையே தொடங்குவார்கள். 45 டிகிரி சாய்வு என்றால் நம் 18 அடிக் கூடத்தின் மேல் முகடு 9 அடி எழும்பும். காவிரிக் கரை வீடுகளில் கைமரத்துக்குப் பனையும் தேக்கும் போட்டு, வெயிலையும் மழையையும் தள்ளிவிடும் அளவுக்கு மட்டுமே சாய்வு கொடுத்தார்கள். அதில் குறையொன்றும் இல்லை. அந்தக் கூரை அறைக்காக எழுப்பப்பட்டதல்ல, அவ்வளவுதான்.

ஆகவே உறையூர் ஓட்டு வீட்டில் "கூரைக்குள் அறை" என்ற பேச்சு, கூரையைக் கழற்றிச் சுவரை 8, 9 அடி உயர்த்தும் பேச்சாகவே முடியும். நம் ஊர் வழக்கில் சொன்னால், மாடி எடுப்பது. அங்கேதான் எடைக் கணக்கு தொடங்குகிறது.

சுவரும் மண்ணும் சுமப்பது எவ்வளவு

கட்டடப் பளுவுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875. அதில் மங்களூர் ஓடும் ரீப்பரும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 65 கிலோ என்று இருக்கிறது. கைமரத்தையும் சேர்த்து 80 கிலோ என்று வைப்போம். சாய்வுப் பரப்பு 31 சதுர மீட்டர். நம் கூடத்தின் மொத்தக் கூரையும் 2.5 டன். பல தலைமுறையாக இந்தச் சுவர்கள் தலையில் சுமந்தது இவ்வளவே. முன்சுவரிலும் முற்றத்துச் சுவரிலும் மீட்டருக்கு 250 கிலோ.

இப்போது வழக்கமான மாடியை ஏற்றுவோம். 5 அங்குல கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 312 கிலோ. மேலே தரை, கீழே பூச்சு சேர்த்தால் 430. மனிதரும் கட்டிலும் பீரோவும் நடமாடும் பளுவாக விதி சொல்லும் 200 கிலோவைக் கூட்டினால் 630. கூடத்தின் பரப்பு 26.8 சதுர மீட்டர், ஆகவே 17 டன். மொட்டை மாடித் தளம், அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, தட்டோடு, நடமாடும் பளு 150 கிலோ எல்லாம் சேர்ந்து சதுர மீட்டருக்கு 670, அதாவது 18 டன். நான்கு பக்கமும் 9 அங்குலச் செங்கல் சுவர், 9 அடி உயரம், இருபுறப் பூச்சோடு மீட்டருக்கு 1.38 டன். சுற்றளவு 20.7 மீட்டர் என்பதால் 28½ டன்.

கூட்டினால் 63 டன். கழற்றிய கூரை 2.5 டன். இருபத்தைந்து மடங்கு.

இந்த எண்ணைப் பார்த்ததும் சுவர் நொறுங்கிவிடும் என்று தோன்றும். அப்படி இல்லை. சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 15½ டன் வரும். நல்ல சுட்ட கல்லில் சுண்ணாம்புக் காரையிட்டுக் கட்டிய ஒன்றரைக் கல் சுவருக்கு அது பெரிய சுமை அல்ல. சேற்றில் வைத்துக் கட்டிய சுவர் என்றால் கதை வேறு. அது காய்ந்திருக்கும் வரைதான் பலம். பூச்சை ஓரிடத்தில் உரித்து, கல்லிடுக்கில் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பொலபொலவென்று மண்ணாக உதிர்ந்தால் அந்தச் சுவரின் மேல் செங்கல் மாடி வேண்டவே வேண்டாம். வீட்டுக்காரர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் இதில் சமரசத்துக்கு இடமில்லை.

சுவர் தாங்கினாலும் மண் தாங்க வேண்டும். பலர் தவறவிடும் எண் இதுதான். இன்று நம் மாதிரி வீட்டில் மீட்டருக்கு சுவரும் பீடமும் 2.2 டன், அஸ்திவாரக் கல் 1.3 டன், கூரை 0.25 டன். ஆக 3.75 டன், 2 அடி அகலத்தில் மண்ணை அழுத்துகிறது. சதுர மீட்டருக்கு 6.1 டன். மாடிக்குப் பிறகு அதே அகலத்தில் 6.56 டன், சதுர மீட்டருக்கு 10.7 டன்.

மண் எவ்வளவு தாங்கும்? கட்டை விரலை அழுத்தினால் பல அங்குலம் உள்ளே போகும் களிமண்ணுக்கு விதித்தொகுப்பு தரும் உத்தேச எண் 5 டன். மிதமாக அழுத்தினால் பதியும் களிமண்ணுக்கு 10 டன். பலமாக அழுத்தினால்தான் பதியும் களியும் மணலும் கலந்த மண்ணுக்கு 15 டன். நம் வீடு 6.1-இலிருந்து 10.7-க்குத் தாவுகிறது. அதாவது ஒரே வீடு, ஒரே வரைபடம், ஒரே கொத்தனார். ஒரு தெருவில் நிற்கும், அடுத்த தெருவில் விரிசல் விடும்.

உறையூரில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. இது முற்காலச் சோழரின் தலைநகர். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை இங்கே அகழாய்வு செய்தது. தொல்லியலாளருக்கு மகிழ்ச்சி தரும் அடுக்கடுக்கான வாழ்விடப் படிவு, வீடு கட்டுபவருக்குக் கவலை தர வேண்டியது. மனிதர் வாழ்ந்து, இடிந்து, மேடிட்டு, மறுபடி வாழ்ந்த மண் ஒரே சீராக இராது. ஓரிடத்தில் கெட்டி, நாலடி தள்ளிச் சாம்பலும் ஓட்டாஞ்சில்லும். போதாததற்கு ஒருபுறம் குடமுருட்டி, மறுபுறம் உய்யக்கொண்டான் வாய்க்கால். 1977 நவம்பரிலும் 2005 நவம்பரிலும் திருச்சியில் வெள்ளம் புகுந்ததை இந்த ஊரின் பெரியவர்கள் மறக்கவில்லை. தண்ணீர் நின்று வடிந்த சுவர் என்றால் பீடத்துக்கு மேல் ஈரக்கோடும் உப்பும் தெரியும். மணற்பாங்கான மண்ணில் நிலத்தடி நீர் அஸ்திவாரத்தின் அடியைத் தொடும் இடத்தில், மண்ணின் தாங்குதிறனைப் பாதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கூடத்தில் தறி ஓடிய வீடு என்றால் இன்னொரு சோதனை. முதலாம் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ் 'அர்கரு' என்று சொல்லும் மெல்லிய துணிகளின் ஊர் உறையூர்தான் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நெசவு இங்கே அவ்வளவு பழையது. குழித்தறி இருந்த வீடுகளில் சுவரோரம் இரண்டரை அடி ஆழத்துக்குக் குழி வெட்டியிருப்பார்கள். அஸ்திவாரமே 3 அடிதான். தறியை எடுத்த பிறகு அந்தக் குழியில் இடிபாட்டைக் கொட்டி, மேலே சிமெண்ட் தரை போட்டு மூடிய வீடாக இருந்தால், அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பக்கவாட்டுப் பிடிப்பே இல்லை. 4 அடி நீளம், 2½ அடி அகலம், 2½ அடி ஆழம் என்றால் 25 கன அடி, கால் யூனிட் மணல். இடிபாட்டை வெளியே எடுத்து, அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடித்து நிரப்ப வேண்டும். சில ஆயிரம் ரூபாய் வேலை. செய்யாவிட்டால் 63 டன்னில் ஒரு பங்கு அந்தப் பள்ளத்தின் விளிம்பில் உட்காரும்.

பொதுச்சுவர் இன்னும் சிக்கல். இன்று நீங்கள் மாடி எடுக்கிறீர்கள். பத்து வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரரும் எடுத்தால் அதே சுவரில் அவருடைய தளத்தின் பங்கும் ஏறும். அப்போது மண்ணின் மேல் அழுத்தம் சதுர மீட்டருக்கு 13½ டன். உங்கள் கணக்கில் அவருடைய நாளைய மாடியையும் இன்றே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவரும் அதே சுவரின் உரிமையாளர்தான். வாய்ச்சொல்லில் சரி என்றவர் மகன் காலத்தில் வழக்குப் போட்டால் யாருக்கும் நிம்மதி இல்லை. எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தளம் போட்ட வீடு, ஸ்ரீரங்கத்து வீடு

எல்லாப் பழைய வீடும் ஓட்டு வீடு அல்ல. ஸ்ரீரங்கத்து வீதிகளில் ரேழி, கூடம், முற்றம் என்று நீண்டு போகும் வீடுகளில் முன்பகுதிக்கு மெட்ராஸ் டெரஸ் தளம் போட்டிருப்பார்கள். தேக்கு உத்திரம், அதன் மேல் சிறு செங்கலைக் குத்துக்கல்லாக மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி இடித்து, தட்டோடு பதித்தது. மொத்தக் கனம் 9 அங்குலம் என்றால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 435 கிலோ. இன்றைய 5 அங்குல கான்கிரீட்டைவிட 120 கிலோ அதிகம்.

இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த வீட்டின் சுவரும் மண்ணும் ஏற்கெனவே சதுர மீட்டருக்கு 7 டன்னைச் சுமந்து, இறங்க வேண்டியது இறங்கி நிலைத்திருக்கின்றன. ஓட்டு வீட்டைவிட நம்பகமான தொடக்கம். மேல் அறை வந்தால் அந்தத் தளத்துக்கு மழைக்காப்பு தேவையில்லை. மேலேயுள்ள 4 அங்குலச் சுண்ணாம்பு ஜல்லியைக் கவனமாகக் கழற்றினால் சதுர மீட்டருக்கு 190 கிலோ குறைகிறது. நடமாடும் பளு மொட்டை மாடிக்கு 150, அறைக்கு 200. கூடுவது 50, கழிவது 190. உத்திரம் நல்ல நிலையில் இருந்தால் இந்த இடத்தில் லாபம்தான்.

உத்திரம் நல்ல நிலையில் இருக்கிறதா என்பதைச் சுவருக்குள் போகும் நுனியில் பார்க்க வேண்டும். நடுப்பகுதி பளபளவென்று இருக்கும். கரையான் தின்பதும் ஈரம் ஊறுவதும் சுவருக்குள் புதைந்த முக்கால் அடியில்தான். திருப்புளியால் குத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. இந்தச் சோதனைக்குக் காசே வேண்டாம். ஆனால் இதைச் செய்யாமல் மாடி எடுப்பவர்கள் நிறைய.

கோயில் ஊருக்கே உரிய இன்னோர் எண்ணும் உண்டு. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் முன்அனுமதி கட்டாயம். 2010-இல் திருத்திய சட்டம் இது. பெரிய கோயில்களைச் சுற்றி உயரக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. வரைபடம் போடும் முன் மாநகராட்சியில் கதவு எண்ணைக் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் மனைப்பரப்பைப்போல் 2 மடங்கு வரை கட்டலாம் என்பதால், 1,080 சதுர அடி மனைக்கு 2,160 சதுர அடி வரை இடமுண்டு. சிறு வீட்டில் அந்த விதி குறுக்கே நிற்காது. மண்தான் நிற்கும்.

எடையைக் குறைக்கும் வழி

63 டன்னுக்கு மாற்று இருக்கிறது. என் மனம் சாய்வது இதன் பக்கம்தான், காரணத்தை எண்ணிலேயே சொல்கிறேன். கான்கிரீட் தளத்துக்குப் பதில் 6 அங்குல இரும்பு ஐ-பீம், மீட்டருக்கு 15 கிலோ, 2 அடிக்கு ஒன்று. அதன் மேல் 18 மில்லிமீட்டர் சிமெண்ட் பலகை. தரை விரிப்போடு சேர்த்து சதுர மீட்டருக்கு 75 கிலோ, நடமாடும் பளு 200, ஆக 275. நான்கு பக்கமும் செங்கலுக்குப் பதில் 6 அங்குல ஏஏசி (காற்றூட்டிய இலகு கான்கிரீட்) பிளாக். பூச்சோடு மீட்டருக்கு 430 கிலோ. மேலே இரும்புச் சட்டத்தில் மறுபடியும் அதே ஓடு.

தளம் 7.4 டன். கூரை, அதன் மேல் ஏறி வேலை செய்யும் பளுவோடு 4.5 டன். சுவர் 8.9 டன். மொத்தம் 21 டன்னுக்குள். மூன்றில் ஒரு பங்கு. பழைய சுவரிலேயே உட்கார வைத்தால் மண்ணின் மேல் அழுத்தம் 6.1-இலிருந்து 7.5 டன்னுக்கு மட்டுமே ஏறுகிறது. மிதமான களிமண்ணின் 10 டன் எல்லைக்குள் அடங்குகிறது.

இன்னும் ஒரு படி மேலே போய், சுவரைத் தொடாமல் உட்புறமாக ஆறு இரும்புத் தூண் நிறுத்தினால் பொதுச்சுவர் வழக்கே எழாது. சராசரி தூணுக்கு 3½ டன், நடுத் தூணுக்கு 5 டன் வரை. 3 அடிக்கு 3 அடி கான்கிரீட் பீடம் போட்டால் மண்ணின் மேல் 7 டன்னைத் தாண்டாது. இதில் ஒரே ஓர் எச்சரிக்கை: பழைய அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, ஆறு குழியையும் ஒரே நாளில் திறக்கவும் கூடாது. ஒன்றைத் தோண்டி, கான்கிரீட் போட்டு, இறுகிய பிறகு எதிர்மூலையில் அடுத்தது.

இலகுவான கூரைக்கு ஓர் ஆபத்து உண்டு, அதை மறைக்கக் கூடாது. திருச்சிக்கு விதிப்படியான அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 47 மீட்டர், மணிக்கு 169 கிலோமீட்டர். சுற்றுப்புறக் கட்டடங்கள் தடுப்பதற்கான கழிவுக்கு முன், அது சதுர மீட்டருக்கு 135 கிலோ அழுத்தம். நம் கூரையின் எடை 80. காற்று உறிஞ்சித் தூக்கும்போது ஓடு தன் எடையால் மட்டும் நிற்காது. முகட்டிலும் தாழ்வாரத்திலும் மூன்று வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டி, இரும்புச் சட்டத்தைத் தூணோடு போல்ட்டு போட்டு முடுக்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கம் கூரைகளைப் பிடுங்கிப் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊரின் வெக்காளியம்மன் கருவறைக்கு மேற்கூரை இல்லை. மண்மாரி பொழிந்து வீடிழந்த உறையூர் மக்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் வெட்டவெளியில் அமர்ந்திருப்பதாக இங்கே சொல்லி வருகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பத்தின் தலைக்கு மேல் ஏறும் பளுவை நூறு கிலோ விடாமல் எண்ணிப் பார்ப்பது மிகையான அக்கறை ஆகாது.

படிக்கட்டு தின்னும் இடம்

9 அடி ஏற 15 படி வேண்டும், ஒவ்வொன்றும் 183 மில்லிமீட்டர் உயரம். விதி 190 வரை அனுமதிக்கிறது. மிதிபலகை 250 மில்லிமீட்டர் என்றால் நீளம் 11½ அடி. இரண்டு அடுக்கு வரிசை வீட்டுக்கு விதித்தொகுப்பு ஏற்கும் குறைந்த அகலம் 75 சென்டிமீட்டர், ஏறக்குறைய 2½ அடி. பெருக்கினால் 29 சதுர அடி. இது இரண்டு முறை கழியும்: கீழே படிக்கட்டு நிற்கும் இடம், மேலே அது வந்து சேரும் திறப்பு. மேல் அறை 288-இலிருந்து 259 ஆகிறது. கீழ்க்கூடமும் 29 இழக்கிறது. குடும்பத்துக்கு உண்மையில் கூடுவது 230 சதுர அடி.

ஒப்பந்தக்காரர் விலை பேசுவது சுவர்க் கனத்தையும் சேர்த்து 320 சதுர அடிக்கு. கிடைப்பது 230. நூற்றுக்கு 72. எந்த மதிப்பீட்டைக் கையில் வாங்கினாலும் மொத்தத் தொகையை இந்த 230-ஆல் வகுத்துப் பாருங்கள்.

படிக்கட்டை முற்றத்துக்குத் தள்ளிவிட்டால் கூடம் தப்பும் என்று யோசனை சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். இருபுறமும் பொதுச்சுவர் உள்ள வீட்டில் நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் வரும் ஒரே வழி முற்றம். அதை அடைத்த வீட்டில் பகலிலும் விளக்கு எரியும், அடுக்களைப் புகை கூடத்தில் தங்கும், மழைக்காலத்தில் சுவர் காயாது. காயாத சுவர்தான் மேலே நாம் பார்த்த கணக்கையெல்லாம் கெடுப்பது.

இனி பணம்

கீழே உள்ள விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. சிமெண்ட் மூட்டை 350 ரூபாய், கம்பி கிலோ 65, செங்கல் 10, எம்-சாண்ட் யூனிட் 6,000, ஜல்லி யூனிட் 4,500. உங்கள் பகுதிக் கடையில் கேட்டு மாற்றிப் போடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முந்தைய மதிப்பீட்டை யாராவது நீட்டினால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

செங்கல் மாடிக்கு அளவுகள் இப்படி வரும்: கான்கிரீட் 10 கன மீட்டர், கம்பி 850 கிலோ, கல் 4,900, சிமெண்ட் 125 மூட்டை, எம்-சாண்ட் 4 யூனிட், ஜல்லி 3 யூனிட். பொருளுக்கு மட்டும் 1,85,500 ரூபாய். கூலி, சென்டரிங், கதவு, ஜன்னல், மின்சாரம், குளியலறை, வண்ணம் எல்லாம் சேர்த்துச் சதுர அடிக்கு 2,400 என்று ஒப்பந்தம் பேசினால் 7,68,000. பொருள் அதில் கால் பங்குகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். செங்கல்லுக்கு 50 பைசா பேரம் பேசினால் மிச்சம் 2,450 ரூபாய். பேரம் பேச வேண்டிய இடம் அதுவல்ல.

இரும்பு மாடிக்கு: ஐ-பீம், தூண், கூரைச் சட்டம், படிக்கட்டு சேர்த்து 2,440 கிலோ. அறுத்து, வெல்டிங் செய்து, ஏற்றி நிறுத்தும் கூலியோடு கிலோ 110 என்றால் 2,68,400. ஏஏசி பிளாக் 7.4 கன மீட்டருக்கு 29,600. சிமெண்ட் பலகைக்கு 28,500. 100 சதுர அடிக்கு 150 ஓடு என்ற கணக்கில் 500 ஓட்டில் பாதி பழையது உதவினால், மீதி 250-க்கு 10,000. ஆறு பீடத்துக்கு 45,000. மற்ற முடிப்பு வேலைக்கு 2,20,000. மொத்தம் 6 லட்சம்.

இரண்டையும் 230-ஆல் வகுத்தால், செங்கல் மாடியில் கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு சதுர அடிக்கும் 3,340 ரூபாய், இரும்பு மாடியில் 2,615. முதலில் பார்த்த பரண் யோசனையையும் இங்கே வைப்போம்: அதே ஐ-பீமும் பலகையும் போட்டால் 1,17,000 ரூபாய், 4 அடி உயரம் கிடைக்கும் 66 சதுர அடிக்கு. சதுர அடிக்கு 1,775 கொடுத்துக் குனிந்து நடக்கும் இடம்.

இரும்பு மாடிக்குக் குறைகள் உண்டு. நடந்தால் கீழே சத்தம் கேட்கும். துருவுக்குச் சில வருடங்களுக்கு ஒருமுறை வண்ணம் அடிக்க வேண்டும். அதன் மேல் இன்னொரு மாடியை நினைக்கவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், ஓட்டின் கீழே வெப்பத்தடுப்போடு ஒரு தட்டும் முகட்டில் காற்றுப் போக்கியும் இல்லாவிட்டால் மதியம் இரண்டு மணிக்கு அந்த அறையில் குழந்தையைத் தூங்க வைக்க முடியாது. அதற்கான செலவை வெட்டாதீர்கள். மேலே 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் அது ஒரு டன். நேராகத் தூணின் தலையில் வையுங்கள், பலகையின் நடுவில் அல்ல.

வாடகைக்கு விடும் எண்ணத்தில் மாடி எடுப்பவர்களுக்கு ஒரு வரி. மாதம் 5,000 வந்தால் வருடத்துக்கு 60,000. 7,68,000 திரும்பி வர 12 வருடம் 10 மாதம், அதுவும் வட்டியை விட்டுவிட்டு. கடன் வாங்கிக் கட்டி வாடகைக்கு விடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குடும்பத்துக்கு அறை வேண்டும் என்பவர்கள் கட்டட்டும். வெள்ளம் வந்தால் ஏறி உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதும் இந்த ஊரில் போதுமான காரணம்.

இவ்வளவையும் வைத்து என் தீர்ப்பு இது. சேற்றுச் சுவர் வீட்டில் சொந்தத் தூண் இல்லாமல் எதுவும் ஏற்றக் கூடாது. சுண்ணாம்புக் காரைச் சுவர், கட்டை விரல் பதியாத மண், பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்து மூன்றும் இருந்தால் செங்கல் மாடி எடுக்கலாம். மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரும்பும் ஓடும்தான். கூரைவெளியை மட்டும் அறையாக்கும் ஆசையை 18 அடி ஆழக் கூடம் உள்ளவர்கள் விட்டுவிடலாம்.

மேஸ்திரியிடம் முன்பணம் கொடுக்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். சுவரோரம் 3 அடிக்கு 3 அடி, அஸ்திவாரத்தின் அடிமட்டம் வரை மட்டும் ஒரு குழி, ஓர் ஆள் கூலி. அஸ்திவாரம் உண்மையில் எவ்வளவு அகலம், அடியில் என்ன மண், தண்ணீர் ஊறுகிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். மண் பரிசோதனைக்கும் கட்டமைப்புப் பொறியாளருக்கும் சேர்த்து 15,000 ரூபாய் ஆனாலும் அது 7,68,000-இல் 2 சதவீதம். பொறியாளர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றே இருங்கள்.